காய்ச்சல் தணிந்த நாளின் வரவு

டெங்கு பிடித்த பிள்ளைக்கு ஆபத்து கூடுவது காய்ச்சல் கொதிக்கும் நாட்களில் அல்ல, அது தணியும் நாட்களில். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடம்புச் சூடு இறங்கும் வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகிறது. அந்தக் கட்டம் ஓரிரு நாட்கள் நீடிக்கும். வைத்தியருக்குத் தெரிந்த இந்த உண்மை பெற்றோரின் கண்ணுக்கு நேர்மாறாகப் படுகிறது. உடம்பு சுடவில்லை, பிள்ளை எழும்பிக் கஞ்சி குடித்துவிட்டது, அடுத்த நாள் காலை வெள்ளைச் சீருடையோடு வகுப்பில் இருக்கிறது. அனுப்புவதா விடுவதா என்று தாய் முடிவெடுக்கும் அந்தக் காலையில் அவள் மனதில் டெங்குத் துண்டுப்பிரசுரம் இருப்பதில்லை. வரவு இடாப்பு இருக்கிறது, தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது, வேலைக்குப் போகாவிட்டால் கிடைக்காத அன்றைய கூலி இருக்கிறது. தாய் ஒருத்தியின் உழைப்பிலேயே ஓடும் குடும்பங்கள் நிறைந்த வன்னியில் இந்த மூன்றும் சேர்ந்து அழுத்துகின்றன. பாடசாலைகள் தொற்றுநோய்க்குக் குடும்பங்களை ஆயத்தப்படுத்துவது பற்றிப் பேசும் நாம் அந்தக் காலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

இப்போது நாம் செய்பவை குறைவானவை என்று சொல்லமுடியாது. சிரமதானம் நடக்கிறது, நுளம்பு பெருகும் இடங்கள் அழிக்கப்படுகின்றன, சுகாதாரக் கழகங்கள் கைகழுவலைப் பழக்குகின்றன. ஆனால் இவை எல்லாமே குடும்பம் என்ன செய்யவேண்டும் என்று சொல்பவை. நோய் வந்தால் பாடசாலை என்ன செய்யும் என்பதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே எவரும் சொல்வதில்லை. 2020 மார்ச் 12 அன்று, மறுநாள் முதல் பாடசாலைகள் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து நாடே ஊரடங்கில் இருந்தது. பாடம் எப்படி வரும், சிறுவர்களின் பாடசாலை உணவுக்குப் பதில் என்ன, வகுப்பாசிரியரை எந்த எண்ணில் அழைப்பது என்ற கேள்விகளுக்கு அன்று விடையில்லை. புதிய கிருமி என்பதால் அதை மன்னிக்கலாம். 2021 ஒக்டோபர் 21 அன்று இருநூறுக்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறக்கப்பட்டபோது, சிறிய பாடசாலைகள் மலிந்த வன்னிதான் முன்வரிசையில் நின்றது. திறந்த பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்ற முடிவு மறுபடியும் தாயின் தலையிலேயே விழுந்தது. அந்த அனுபவத்தை எழுதிவைத்து ஒரு நடைமுறையாக மாற்றாமல் விட்டதற்கு மன்னிப்பில்லை.

அடுத்த ஆபத்து புதிய கிருமியாக இருக்கவேண்டியதுமில்லை. 2024 நவம்பர் இறுதியில் வடக்கு வெள்ளத்தில் மூழ்கியது. உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 முதல் தொடரும் என்று நாடெங்கும் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் அந்தத் திகதியை அறிந்து அதன்படி நடந்தது. அதே வாரங்களில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் உயிர்கள் போகத் தொடங்கின. டிசம்பர் நடுப்பகுதிக்குள் குறைந்தது ஏழு பேர் இறந்தபின் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. அதுவரை செய்திகளில் அதற்குப் பெயர் ‘மர்மக் காய்ச்சல்’. பரீட்சைக்கு இருந்த தெளிவான அறிவிப்பு காய்ச்சலுக்கு இருக்கவில்லை. வெள்ளமும் காலபோக வயல்வேலையும் ஒரே மாதங்களில் சேரும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இந்நோய்க்கு வேண்டிய எல்லாம் உண்டு: எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், வெறுங்கால், வாய்க்காலில் குளிக்கும் பிள்ளைகள். வயலுக்கு இறங்கும் பெரியவர்களுக்கு வாராந்தம் டொக்சிசைக்ளின் கொடுக்கப்படுகிறது. சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. தகப்பனின் குளிசையில் பாதியைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது என்பதை வீட்டுக்கு எடுத்துச்சொல்ல, ஒவ்வொரு நாளும் பிள்ளைகளைக் காணும் பாடசாலையைவிடப் பொருத்தமான இடம் எது?

போரையும் இடப்பெயர்வையும் கடந்த மக்களுக்கு ஆயத்தம் பற்றி வகுப்பெடுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. மதிப்போடு பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் பரவியபோது கூடாரங்களுக்குள் பிள்ளைகளைப் பராமரித்தவர்கள் இந்தத் தாய்மார்தான். அதற்கு முன்பே, மலேரியா காலத்தில், காய்ச்சல் என்றால் இரத்தம் குத்திப் பார்க்கவேண்டும் என்பது வன்னியில் சொல்லித்தரத் தேவையில்லாத பழக்கமாக இருந்தது. 2012 ஒக்டோபரோடு உள்ளூர் மலேரியா ஓய்ந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இன்று தரம் ஆறில் இருக்கும் பிள்ளை மலேரியாவைக் கண்டதில்லை. அந்த வெற்றியோடு, காய்ச்சலைச் சோதிக்கவேண்டிய ஒன்றாகப் பார்க்கும் பழக்கமும் தளர்ந்துவிட இடமுண்டு. மூன்றாம் நாளில் முழு இரத்தப் பரிசோதனை என்பது வன்னிக்கு அந்நியமான அறிவுரை ஆகாது. ஊர் தானே வைத்திருந்த பழக்கம் இப்போது வேறு நோய்களுக்காகத் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இதைவிட வலிமையான மறுப்பு அதிபர்களிடமிருந்து வருகிறது. ஒழுங்கற்ற வரவும் இடைவிலகலும் வன்னிக் கல்வியின் ஆறாத புண்கள். உயர்தர மாணவருக்கு 80 வீத வரவு கட்டாயம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. காய்ச்சலுக்கு வீட்டில் நிற்கலாம் என்று பாடசாலையே சொன்னால், வயலுக்கும் தம்பி தங்கையைப் பார்ப்பதற்கும் பிள்ளையை மறிக்க அது சாட்டாகிவிடாதா? இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இப்போதைய இடாப்பில் காரணம் சொல்லாமல் நின்ற பிள்ளையும் வாட்டில் படுத்திருக்கும் பிள்ளையும் ஒரே அடையாளத்தில்தான் பதிவாகிறார்கள். முதல் நாளே வீட்டார் வகுப்பாசிரியருக்குச் சொன்ன காய்ச்சலைத் தனியாகக் குறித்தால் சாட்டுக்கும் நோய்க்கும் வேறுபாடு தெரியும்; ஒரே வகுப்பில் ஒரு கிழமைக்குள் நான்கு காய்ச்சல் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றே செய்தி போகும். இடாப்பு அப்போது நோய்க்கண்காணிப்பாகவும் ஆகிறது. ஆசிரியருக்கு இது மேலதிகச் சுமைதான், மறைக்கவில்லை. அதற்கு ஈடாக ஒரு போட்டியையோ ஒரு அறிக்கையையோ வலயக் கல்விப் பணிமனை குறைக்கவேண்டும். பீதி கிளம்பும் என்ற கவலைக்கு 2024 டிசம்பரே பதில்: பெயர் சொல்லப்படாத காய்ச்சல்தான் வதந்திக்கு இடம் கொடுத்தது.

ஆகவே நாம் கேட்பது ஒரு தாள். மழைக்கு முன், ஒக்டோபரில் கூடும் பெற்றோர் கூட்டத்தில், அதிபரும் சுகாதார வைத்திய அதிகாரியும் கையொப்பமிட்டுக் கொடுக்கும் தாள். எந்த வைத்தியசாலையில் இரத்தம் பார்க்கலாம், பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல் குளிசை ஏன் கூடாது என்பவை அதில் இருக்கும். பாடசாலை மூடினால் செயலட்டைகள் எந்த நாளில், யார் வீட்டில் கிடைக்கும், உணவுக்குரிய உலர்பொருள் எப்படி வரும் என்பவையும் இருக்கும். வீட்டில் உள்ள ஒரே தொலைபேசி வேலைக்குப் போகிறவரோடு போய்விடும் இடத்தில் வட்ஸ்அப் பாடத்தை மட்டும் நம்பமுடியாது. எபோலாவால் பாடசாலைகள் மூடியபோது சியரா லியோன் வானொலியை நாடியது. கூட்டத்துக்கு வரமுடியாத கூலித் தொழிலாளரான பெற்றோருக்கு அந்தத் தாளைக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டில் கொடுத்து வாசித்துக் காட்டட்டும். அதன் முதல் வரி இப்படி இருக்கட்டும்: காய்ச்சல் நின்று இரண்டு நாள் முழுதாகக் கழியும்வரை உங்கள் பிள்ளையை நாங்கள் எதிர்பார்க்கமாட்டோம், விட்ட பாடத்தை நாங்கள் சொல்லிக்கொடுப்போம்.