தாய்க்கு ஒரு வேளை கூடுதல் சோறு!

கோட்டைப்பட்டினத்தில் கரையேறும் மீன் ஊர் ஊராகப் போகிறது. பால் கொடுக்கும் தாயின் தட்டில் எத்தனை துண்டு விழுகிறது?

குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும், தாயின் மூளைக்கடியில் பட்டாணி அளவில் உள்ள சுரப்பி வேலை செய்கிறது. அதிலிருந்து வரும் 'புரோலாக்டின்' பாலை ஊறச் செய்கிறது. 'ஆக்சிடோசின்' வெளியே தள்ளுகிறது.

இதற்குச் சக்தி வேண்டாமா? முதல் 6 மாதம் தினமும் 600 கலோரி கூடுதல் உணவு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கூறியது. ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு! குறைத்தால் பால் உடனே வற்றாது. தாயின் உடம்புதான் கரையும்!

ஏழைத் தாய்மாருக்குத் தமிழக அரசு பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. திட்டத்திற்குப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். பெட்டகம் வீட்டுக்கு வந்தால் போதுமா? தாயின் வயிற்றுக்குப் போக வேண்டும்!