துருவுக்கு மேல பெயிண்டா? விளங்கிரும்!

மக்கா, இன்னிக்கு கொஞ்சம் காட்டமாத்தான் எழுதப் போறேன். காரைப் பத்தி எழுதினா நம்ம ஆளுங்க பாதிப் பேர் 'ஆணி அதிகம்'னு எஸ்கேப் ஆயிடுவீங்கன்னு தெரியும். வீட்டுல பழைய மாருதி 800, அம்பாசடர், அப்பா விட்டுட்டுப் போன பத்மினின்னு ஏதாவது நிக்குதுன்னா மட்டுமாவது கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

என் கட்சி இதுதான். துருவை முழுசா எடுத்து, வெள்ளை இரும்பைக் கண்ணால பாக்காம அதுக்கு மேல பெயிண்ட் அடிக்கக் கூடாது. அடிச்சுட்டு முழுக் காசும் வாங்குறது ஏமாத்து வேலை.

பட்டறைக்குப் போனா ஒரு வசனம் ரெடியா இருக்கும். "ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு குடுத்துட்டா துரு அடங்கிரும் சார்." அடங்குறதுக்கு அது என்ன குழந்தை அழுகையா? ரெட் ஆக்சைடுல இருக்கிற அந்தச் செவப்பே இரும்பு ஆக்சைடுதாங்க, துருவோட ஒண்ணு விட்ட அண்ணன். அடியில இருக்கிற துருவைத் தின்னு தீக்கிற சக்தி எல்லாம் அதுக்குக் கிடையாது.

அலுமினியத்து மேலயும் ஆக்சைடு படியும். ஆனா அது கெட்டியா ஒட்டிக்கிட்டு உள்ள இருக்கிற உலோகத்தைக் காப்பாத்தும். இரும்புத் துரு அப்படியில்ல. பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், தண்ணியையும் உப்பையும் பிடிச்சு வச்சுக்கும். இரும்பா இருந்தப்போ பிடிச்ச இடத்தை விட துருவானப்புறம் பல மடங்கு இடம் கேக்கும். எந்தப் பெயிண்டும் நூத்துக்கு நூறு ஈரத்தைத் தடுக்கிறதில்ல, மெதுவா உள்ள விடத்தான் செய்யும். அப்ப என்ன ஆகும்? அடியில துரு வீங்கும், மேல பெயிண்ட் கொப்புளிக்கும். பெசன்ட் நகர், தூத்துக்குடி மாதிரி உப்புக்காத்து அடிக்கிற ஊருன்னா கேக்கவே வேணாம்.

இதுல பட்டி கதை தனி. என் மச்சான் ஒரு பழைய வண்டி வாங்கினார். பளபளன்னு பெயிண்ட். ரெண்டாவது மழைக்காலத்துல கதவோட அடி ஓரத்துல ஒரு கொப்புளம். ஸ்க்ரூடிரைவரால லேசாக் குத்தினா உள்ளங்கை அளவுக்குப் பட்டி பேந்து வருது. பின்னாடி துரு, அதுக்கும் பின்னாடி ஓட்டையை அடைக்க தினத்தாள் பேப்பர்! பேப்பர் வச்சு அடைச்ச இடத்துக்கு மெட்டாலிக் கலர் அடிச்சு வித்திருக்காங்க. அந்தப் பட்டறை பேரு வேணாம், ஊருக்கு நாலு பட்டறை இப்படித்தான் இருக்கு. பட்டி தண்ணியை உறிஞ்சும்ங்க. துருப்பிடிச்ச இரும்புல அதை அப்புறது, புண்ணு மேல ஈரத்துணியைக் கட்டி வைக்கிற மாதிரி.

சரி, படிக்காதவங்களை மட்டும் திட்டினா எப்படி? படிச்ச நம்ம கூட்டத்துக்கு வருவோம். "ரஸ்ட் கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கு பாஸ், தடவினா கறுப்பாயிடும், அவ்ளோதான், தேய்க்கவே வேணாம்." இது ஒரு கோஷ்டி. கோலா ஊத்தி ஊற வைக்கிறது இன்னொரு கோஷ்டி. கோலாவுல பாஸ்பாரிக் அமிலம் இருக்குறது வாஸ்தவம். ஆனா துளியூண்டு, கூடவே சர்க்கரைப் பாகு. துரு போகுதோ இல்லையோ, எறும்பு வரும் :-)

கன்வெர்ட்டர் பொய்யில்ல. பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ துருவை கரையாத வேற பொருளா மாத்தும். டெல்லி இரும்புத் தூண் சுமார் 1600 வருஷமா நிக்குதே, அந்த இரும்புல பாஸ்பரஸ் அதிகம், அது உண்டாக்கின பாஸ்பேட் படலம் ஒரு முக்கிய காரணம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ஆக, சரக்கு நல்ல சரக்குதான். ஆனா செதில் செதிலா நிக்கிற துருவுல மேல்தோலை மட்டும்தான் அது மாத்தும். அடியில பழைய துரு ஜாலியா வேலையைத் தொடரும். தேய்ச்சு முடிச்சதுக்கு அப்புறம் குழிக்குள்ள மிச்சமிருக்கிற கறுப்புப் புள்ளிகளுக்குத்தான் அது மருந்து.

தேய்க்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. முதல்ல தின்னரால துடைச்சு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கணும், இல்லேன்னா அதை இரும்புக்குள்ளயே தேய்ச்சு விடுவோம். அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், அடுத்து 180, ஓரத்துப் பெயிண்டைச் சரிவா இறக்க 320. கிரைண்டர்ல ஒயர் பிரஷ் மாட்டி ஓட்டுறவங்க கவனிங்க. அது துருவைப் பாலிஷ் பண்ணி மினுக்கி விட்டுரும், சுத்தமாயிட்டதா கண்ணு நம்பிரும். உத்துப் பாத்தா குழிக்குள்ள எல்லாம் அப்படியே இருக்கும். கல்லு மாட்டித் தேய்க்கிறது இன்னும் மோசம். வண்டித் தகடே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, அதுல நீங்க எதைத் தேய்ச்சு எதை மிச்சம் வைப்பீங்க?

அமிலம் போட்டா டப்பாவுல சொன்னபடி கழுவி, நல்லா காய வச்சு, அன்னிக்கே பிரைமர் அடிச்சிரணும். நம்ம ஊர் ஈரப்பதத்துல வெறும் இரும்பை ராத்திரி விட்டா காலையில ஆரஞ்சு கலர்ல குட்மார்னிங் சொல்லும். வெறும் கையால தொடாதீங்க, வேர்வையே உப்புதான். பிரைமர்ல ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்சி, ஈரத்தை நல்லாத் தாங்கும். சாதா பிரைமரை அடிச்சுட்டு, 'கலர் அப்புறம் பாத்துக்கலாம்'னு மழையில ஓட்டுறவங்க எத்தனை பேர்! அது தண்ணியை உறிஞ்சும்ங்க. பண்ணின வேலை அத்தனையும் அவுட்.

இப்ப பட்டறைக்காரர் தரப்பையும் சொல்லணும், இல்லேன்னா அநியாயம். "ரெண்டு நாள் உக்காந்து தேய்ச்சா கூலி யாரு சார் குடுப்பா?" நியாயமான கேள்வி. பதினஞ்சு வருஷம் முடிஞ்ச வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டு போக வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறதும் நாமதான், கூலியில ஆயிரம் ரூபா குறைக்கச் சொல்றதும் நாமதான். பளபளப்புக்குக் காசு குடுப்போம், தேய்ப்புக்குக் குடுக்க மாட்டோம். அதனால தேய்ப்புக் கூலியைத் தனியாப் பேசுங்க. "பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்கண்ணே, பாத்துட்டுத்தான் மேல வேலை"ன்னு சொல்லிருங்க. போக முடியலேன்னா போன்ல படம் கேளுங்க. ஒழுங்கா வேலை செய்றவர் சந்தோஷமா அனுப்புவார். மத்தவர் மூஞ்சி அங்கேயே மாறும்.

கதவு, பானெட்டுல ஏமாந்தா அழகுதான் போகும். தரைத்தகடும், கதவுக்குக் கீழ ஓடுற ஓரச்சட்டமும் அப்படியில்ல. சீட்டு நிக்கிறதும் பெல்ட்டு பிடிச்சிருக்கிறதும் அந்தப் பக்கம்தான். அங்க ஸ்க்ரூடிரைவர் உள்ள போகுதுன்னா உப்புத்தாளுக்கு வேலையில்ல, அழுகினதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கணும். அதுல பட்டி போட்டு மூடி வண்டியை விக்கிறவனை என்ன வார்த்தை சொல்லித் திட்டுறதுன்னு யோசிக்கிறேன், பதிவுல போடுற மாதிரி ஒண்ணும் கிடைக்கல.

டிஸ்கி: பழைய வண்டிப் பெயிண்டுல ஈயம் இருக்கலாம். காஞ்ச தூசி பறக்கத் தேய்க்காதீங்க, தண்ணி தொட்டுத் தேய்ங்க, இரும்பு தெரிஞ்சதும் உடனே துடைச்சுக் காய வைங்க. பட்டறையில கர்ச்சீப்பை மூக்குல கட்டிக்கிட்டுத் தேய்க்கிற பையனுக்குப் போறப்போ நல்ல மாஸ்க் ரெண்டு வாங்கிட்டுப் போங்க.