டோரா திரும்ப வந்தால் புஜ்ஜியும் வரணும்!

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் காலேஜ் பசங்களிடம் 'டோரா' என்று சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் உடனே 'புஜ்ஜி' என்பார்.

2000-ல் அமெரிக்காவில் நிக்கலோடியன் ஆரம்பித்த தொடர் இது. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் வார்த்தைகளும் சொல்லித் தந்தது. மதுரைப் பிள்ளைக்கு ஸ்பானிஷ் எதற்கு? ஆனாலும் 2007-ல் தொடங்கிய சுட்டி டிவியில் டோரா தமிழ் பேசியதும் இங்கேயும் ஒட்டிக்கொண்டாள். பூட்ஸ் என்ற குரங்கு புஜ்ஜி ஆனது, ஸ்வைப்பர் குள்ளநரி ஆனது. படம் அவர்களுடையது, உயிர் கொடுத்தது டப்பிங்.

2024-ல் டோராவை 3டி-யில் புதிதாக எடுத்து பாரமவுண்ட் பிளஸ்ஸில் விட்டார்கள். காலத்துக்கு ஏற்ற மாற்றம், தப்பே இல்லை. ஆனால் தமிழ்க் குழந்தைகளுக்குக் கொண்டு வருபவர்கள் பளபளப்பை மட்டும் நம்பினால் நஷ்டம்தான். காமர்ஸ் பாடத்தில் குட்வில் என்பார்களே, இங்கே அது 'புஜ்ஜி' என்ற பெயரிலும் அந்தத் தமிழிலும்தான் இருக்கிறது. பெயரை மறுபடி பூட்ஸ் ஆக்கினால் குட்வில் போச்சு! டப்பிங் எழுதுபவருக்கு நல்ல சம்பளம் கொடுப்பதுதான் சரியான முதலீடு.

இன்னொன்று. டோரா கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் காத்திருப்பாள். குழந்தைகள் டிவியைப் பார்த்துக் கத்திப் பதில் சொல்லும். இன்றைக்குக் குழந்தை கையில் இருக்கும் செல்போன் அடுத்தடுத்த வீடியோவுக்குத் தாவுகிறதே தவிர, அதன் பதிலுக்காக நிற்பதில்லை. எதை மாற்றினாலும் அந்தக் காத்திருப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.