செராமிக் ஆந்தைக்கு இஎம்ஐ கட்டலாமா?

பாலக்கோட்டுல இருந்து ஓசூருக்கு வேலைக்குப் போற என் சித்தப்பா பையன், போன தீபாவளிக்கு ஒரு செராமிக் புரோச் வாங்கினான். சட்டையில குத்திக்கிற அலங்கார ஊசிதான், ஆந்தை உருவம். விலை 9,000 ரூபாய், அதுவும் இஎம்ஐ-ல. கேட்டா, "விண்டேஜ் டிசைனர் பீஸ்ணா, இது முதலீடு"ங்கறான்.

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. செராமிக் விலையே ஏறாதுன்னு சொல்ல வரல. பிரான்ஸ்ல வலோரிஸ்ங்கற ஊர்ல, மதூரா பட்டறையில 1947-ல இருந்து பிக்காசோ ஆந்தை, ஆடுன்னு நிறைய செஞ்சார். அதெல்லாம் இன்னைக்கும் ஏலத்துல போகுது. ஏன்னா அடியில முத்திரை இருக்கு, ஒவ்வொரு வடிவத்துலயும் எத்தனை செஞ்சாங்கன்னு கணக்கு இருக்கு. நம்ம தம்பியோட ஆந்தைக்குப் பின்னாடி ஒரு கையெழுத்துகூட இல்ல. பில்லும் இல்ல!

1972 தொல்பொருள் சட்டம், பொதுவா 100 வருஷம் தாண்டின பொருளைத்தான் தொல்பொருள்னு சொல்லுது. 'விண்டேஜ்'னு யார் வேணும்னாலும் எழுதி ஒட்டலாம்.

அரை பவுன் தோடுன்னா, அவசரத்துக்கு தருமபுரி கடைவீதியில எடை போட்டு காசு வாங்கிடலாம். இந்த ஆந்தையை எந்த அடகுக்கடைக்காரர் வாங்குவார்? உருக்கவும் முடியாது. ஓரத்துல ஒரு சில்லு பேந்தா, இருக்கிற மதிப்பும் போச்சு.

பிடிச்சிருந்தா தாராளமா வாங்குங்க, கையில இருக்கிற காசுல. எஸ்ஐபி கணக்குக்குக் கீழ மட்டும் அதை எழுதாதீங்க. தம்பிக்கு இன்னும் நாலு தவணை பாக்கி. ஊசி இப்பவே துருப்பிடிச்சிருச்சு.