நட்சத்திரம் பார்க்க நமக்கும் இடம் வேண்டும்!

கோயில் அர்ச்சனையில் வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமியார் என்று அத்தனை பேர் நட்சத்திரத்தையும் மூச்சு விடாமல் சொல்கிறோம். அவை வானத்தில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருவாதிரைக்குக் களி கிண்டத் தெரியும். திருவாதிரையைக் காட்டத் தெரியாது. கல்யாணத்தன்று பட்டப்பகலில் அருந்ததி பார்த்ததோடு சரி!

2024 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் வானியல் ஆர்வலர்கள் சிலர் நட்சத்திரம் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். 1986 முதல் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம்தான் எங்கள் ஊர். நல்ல கூட்டம். ஆனால் பெண்கள் என்று பார்த்தால் நானும் என் மகளும் சேர்த்து ஐந்தே பேர்!

கொத்தாகக் கார்த்திகை, சிவப்பாக ரோகிணி, அடுத்து மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம் என்று வரிசையாகக் காட்டினார்கள். இருபத்தேழில் ஐந்தை வெறும் கண்ணாலேயே பார்த்துவிட்டோம்! அப்போது ரோகிணிக்குப் பக்கத்தில் இருந்த வியாழனைத் தொலைநோக்கியில் பார்த்தால், கூடவே புள்ளி புள்ளியாக நிலாக்கள். 1610இல் கலிலியோ கண்டுபிடித்தவையாம். குருப்பெயர்ச்சிக்கு விளக்கேற்றும் நாம், அந்தக் குருவை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா?

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணும் என் மகளும் ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். 'வயசுப் பொண்ணு ராத்திரியில எங்கே போறது?' என்று அவளை நிறுத்திவிட்டு, ஆறாவது படித்த தம்பியை மட்டும் அனுப்பினார்கள். மறுநாள் அவன் சொல்லச் சொல்ல, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இருட்டு இருந்தால்தான் நட்சத்திரம் தெரியும். அந்த இருட்டுக்குப் பயந்துதான் பெண்களை வெளியே அனுப்புவதில்லை. ஆகவே நடத்துபவர்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'குடும்பத்தோடு வாருங்கள்' என்று அறிவிப்பில் போடுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை வசதி செய்யுங்கள். ஏழரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நாமும் தெருப்பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். பனிக்கு ஒரு ஸ்வெட்டர், உட்கார ஒரு பாய் போதும். இருபது நிமிஷம் செல்போன் வெளிச்சம் பார்க்காமல் இருந்தால், கண் இருட்டுக்குப் பழகிவிடும். அன்று ஒரு நாள் வீட்டுக்காரர் தோசை வார்த்துக்கொள்ளட்டுமே!

அதற்கும் வழியில்லாதவர்கள், மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கோலம் போடும்போது வடக்கே நிமிர்ந்து பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாகத் தெரிபவள்தான் நம் அருந்ததி. காசு பணம் எதுவும் வேண்டாம்.

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்