மணவிழாவும் மனமுவந்த படமும்

திருமணம் என்பது இருவரை மாத்திரம் இணைக்கும் நிகழ்ச்சியன்று. தோட்டத்துக்குத் தோட்டம் பிரிந்து வாழும் சுற்றத்தாரையெல்லாம் ஒரு பந்தலின்கீழ் ஒன்றுகூட்டும் பெருவிழா அது. அவ்விழாவின் நினைவைப் பிற்காலத்துக்குக் காத்து வைப்பது புகைப்படம். ஆயின், இக்காலத்து மணவிழா அல்பங்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு குறை புலனாகும். மணமக்கள் நூறு கோலங்களில் நிற்கின்றனர். தேயிலை மலைச் சரிவிலும் நீர்வீழ்ச்சி ஓரத்திலும் நடந்து வருகின்றனர். அவர்களை வாழ்த்த வந்த உறவினரோ மேடையில் ஒரே வரிசையாக நின்று, ஒரே முகத்தோடு ஒரு கணம் விறைத்து, படப்பிடிப்பாளர் கையசைத்ததும் இறங்கிச் செல்கின்றனர். விழாவுக்கு வந்தவர் யாவர் என்பதை அல்பம் கூறுகின்றது. அவர் எத்தகையவர் என்பதைக் கூறுவதில்லை.

இக்குறையை நீக்கும் வழக்கம் ஒன்று அண்மைக் காலத்தில் ஹற்றன், நுவரெலியாப் பகுதி மண்டபங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது. மண்டபத்தின் ஒரு மூலையிலே பட்டுச் சேலையையோ பூச்சரங்களையோ திரையாகத் தொங்கவிடுகின்றனர். அதன் முன்னே முக்காலியொன்றிற் படப்பெட்டியை நிறுத்துகின்றனர். பக்கத்து மேசையில் அட்டையாற் செய்த மீசை, கிரீடம், பெரிய மூக்குக்கண்ணாடி, தலைப்பாகை முதலியன கிடக்கும். விருந்தினர் தாம் விரும்பியவரோடு, விரும்பிய கோலத்தில் நின்று, தாமே விசையை அழுத்திப் படம் எடுத்துக் கொள்ளலாம். இதனை வரவேற்க வேண்டும் என்பதே எம் கருத்து. வெறும் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்குதல் கூடாது. நம் மக்களுக்கு இஃது ஏனையோரினும் மிக வேண்டப்படுவது என்பதை ஈண்டுக் காட்ட முயல்வாம்.

'மங்கல நிகழ்ச்சியிலே கோமாளிக் கூத்து எதற்கு?' என்று பெரியோர் சிலர் வினவுவர். மங்கலமும் விளையாட்டும் நம் மரபிற் பகையாய் இருந்தன அல்ல. நலங்கு என்பது யாது? குடத்து நீரில் மோதிரத்தை இட்டு மணமக்களைத் தேடச் செய்வது எதற்காக? முறைமாமனும் மைத்துனனும் ஒருவரையொருவர் கேலி பேசுதற்குக் கலியாண வீட்டினும் சிறந்த இடம் உண்டோ? அன்றியும், வேடம் புனைதல் மலையக மக்களுக்குப் புதிதன்று. மாசி மாதத்திலே நம் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், பகலெல்லாம் மலையில் வேலை செய்தவரே இரவில் மன்மதனாகவும் இரதியாகவும் மாறுகின்றனர். அங்கே திருமணமும் நடைபெறுகின்றது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆடிய மக்களுக்கு அட்டை மீசை அந்நியமாகுமா? புதியது கருவியேயன்றி உள்ளம் அன்று.

கருவியின் வரலாறும் நெடியதே. காசிட்டால் தானே படம் பிடித்துத் தரும் கூண்டை அனதோல் யோசெப்போ என்பவர் 1925 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிற் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். இருபத்தைந்து சதத்துக்கு எட்டுப் படங்கள் கிடைத்தன. படப்பிடிப்பாளர் என ஒருவர் எதிரே நில்லாமையால் மக்கள் நாணமின்றி முகத்தைக் கோணினர், சிரித்தனர். பார்ப்பவர் ஒருவர் எதிரே இருக்கும்போது நாம் அவர் விரும்பும் முகத்தைக் காட்டுகின்றோம். தனித்திருக்கும்போதே நம் முகத்தைக் காட்டுகின்றோம் என்ற உண்மை அக்கூண்டினால் வெளிப்பட்டது.

மலையகத் தமிழர் இதுகாறும் எவர் எதிரே முகத்தைக் காட்டி வந்துள்ளனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி அடக்கம் செய்யப்பட்டுள்ளார். உலகப் புகைப்படக்கலை வரலாற்றில் அழியாப் புகழ் பெற்ற இவர், தம் கணவரோடு 1875 இல் இலங்கை வந்து, 1879 ஆம் ஆண்டு சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிற் காலமானார். இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் தம் வீட்டுக்கு வந்த விருந்தினரையும், அயலாரையும், பணிப்பெண்களையும் தேவதைகளாகவும் பண்டைக்கதை மன்னர்களாகவும் வேடமிடச் செய்து படம் பிடித்தவர் இவர். விருந்தினரின் வேடப் படம் என்னும் கலையின் முன்னோடி ஒருவர் நம் மலைகளின் நடுவே துயில்கின்றார் என்றால் அது வியப்பன்றோ! ஆனால் மற்றொரு வியப்பும் உண்டு. அங்கே இவரெதிரே நின்ற புலவர் தெனிசன், அறிஞர் டார்வின் ஆகியோரின் பெயர்கள் மாத்திரமல்ல, பணிப்பெண்ணாகிய மேரி ஹில்லியரின் பெயரும் இன்றளவும் நிலைத்துள்ளது. இலங்கையில் இவர் எடுத்த படங்களுட் பலவற்றில் நிற்கும் எளிய மக்களின் முகங்கள் உள்ளன, பெயர்கள் இல்லை.

பின்வந்தோரும் அவ்வழியே சென்றனர். கொழும்பில் 1890 இல் நிறுவப்பெற்ற பிளேட்டே நிலையம் முதலியன அச்சிட்ட அஞ்சலட்டைகள் கடல் கடந்து சென்றன. 'தமிழ்ப்பெண்', 'கொழுந்து பறிப்பவள்' என்றாற் போன்ற பொதுப்பெயரே அவற்றின் அடியிற் காணப்படும். தேயிலைப் பெட்டியின்மீது சிரிக்கும் பெண்ணுக்கும் பெயரில்லை. இன்றும் சுற்றுலா வருவோர் வண்டியை நிறுத்தி, மலையில் நிற்பவளைப் படம் பிடித்துச் செல்கின்றனர். அவள் சிரிக்கின்றாள்; அப்படத்தை அவள் காண்பதில்லை.

நம் மக்கள் தாமாகப் படமெடுக்கச் சென்ற காலத்திலும் பெரும்பாலும் அது கட்டாயத்தினாலேயே நேர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் செய்யப்பெற்ற சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் வேண்டிய படத்துக்குச் சிரிப்பு ஆகாது. தலைமன்னாரிற் கப்பலேறியவர் தாம் பிரிந்து வந்த தமையனையோ மகளையோ நினைத்துப் பார்க்க, அத்தகைய விறைத்த முகமொன்றே பல குடும்பங்களுக்கு எஞ்சியது. அதனோடு ஒரு கலியாணப் படமும் இருந்தால் அது பெரும்பேறு. தாலி கட்டிய பின்னர் பட்டணத்து ஸ்டூடியோவுக்குச் சென்று, வரைந்த திரையின் முன்னே, மணமகன் அமர மணமகள் நிற்க எடுத்த அப்படத்தைப் பலர் லயத்துக் காம்பராச் சுவரிற் சாமி படத்தின் பக்கத்தில் மாட்டி வைத்தனர். அதன் அருமையை யாம் குறைத்துக் கூறோம். ஆயினும் அங்கும் தலையை இப்படிச் சாய், கையை அங்கே வை என்று கட்டளையிட்டவர் மற்றொருவரே.

இவ்வரலாற்றின் பின்னணியில் நோக்கினால், மண்டப மூலையிலே தானே விசையை அழுத்தும் அப்பாயியின் செயல் சிறிதாகத் தோன்றாது. முப்பதாண்டு கூடை சுமந்தவள், துரைத் தொப்பியைத் தலையில் வைத்து, கைத்தடியை ஊன்றி, பேரன் எதிரே கொழுந்து நிறுப்பவனாய் நிற்க, அதட்டும் கோலத்திற் படமெடுத்துக் கொள்வாளாயின் அதனினும் சிறந்த வரலாற்று ஆவணம் வேறுண்டோ? எவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அவளே தீர்மானிக்கின்றாள். விளையாட்டாயினும் அஃது உரிமை.

உரிமை என்றமையால் அதற்குரிய வரம்புகளையும் கூறுதல் கடன். சிரிப்பு ஒருவரோடு சேர்ந்து சிரிப்பதாக இருத்தல் வேண்டும். ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதாக ஆகலாகாது. வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் கொழுந்துக் கூடையை வேடப்பொருளாக்கி வேடிக்கை காட்டுவது, அதனைச் சுமந்து பிள்ளைகளை வளர்த்த தாயர் இருக்கும் சபையில் அழகன்று. வேண்டாம் என்று ஒதுங்கும் முதியவரைக் கையைப் பிடித்து இழுப்பதும், பெண்பிள்ளைகளின் படத்தை அவர்தம் இசைவின்றி முகநூலில் இடுவதும் கண்டிக்கத்தக்கன. தாலி கட்டும் வேளையிலே கைத்தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்து, பின்னாலிருக்கும் கிழவர்க்கு மணவறையை மறைப்பதும் அவ்வாறே. மூலைக்குரியது மூலையில் நிகழ்க. முகூர்த்தம் கண்ணாற் காணப்படுக.

செலவைப் பற்றியும் சொல்லுதல் வேண்டும். நகைக்கும் விருந்துக்கும் பட்ட கடனை ஆண்டுக்கணக்கில் அடைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்மீது இதனையும் ஒரு சுமையாக ஏற்றல் ஆகாது. வாடகைக் கூண்டும் வண்ண விளக்கும் வேண்டா. வீட்டுச் சேலை திரையாகும். பிள்ளைகள் வெட்டிய அட்டை மீசையாகும். உறவினருள் ஒருவரது கைத்தொலைபேசி படப்பெட்டியாகும். சேமிக்க வேண்டிய செலவு ஒன்றுண்டானால் அது மலைமுகட்டில் மணமக்களை நடக்கவைக்கும் ஆடம்பரச் செலவே. செய்தே ஆகவேண்டிய செலவு, எடுத்த படங்களை அச்சிட்டு உரியவர் கையிற் கொடுக்கும் செலவு. தொலைபேசி பழுதானால் அதிலுள்ள படமும் மறையும். காகிதத்திற் பதிந்த படம் பெட்டியின் அடியிற் கிடந்தேனும் பேரப்பிள்ளையின் கைக்கு எட்டும்.

அப்படத்தின் பின்புறத்தே பெயர்களை எழுதுதல் யாவற்றினும் முதன்மையானது. தோட்டத்து வழக்கிற் 'பேர்' என்றால் ஒரு நாட் கூலி; வேலை குறைந்த நாளில் 'அரைப் பேர்'. பேர் என்ற சொல்லே கூலிக் கணக்காய்ச் சுருங்கிய மண்ணிலே, ஒருவரது பெயரை முழுமையாக எழுதிவைப்பது சிறு தொண்டன்று. நம் கல்லூரி மலர்களைப் பாருங்கள். குழுப்படம் ஒவ்வொன்றின் கீழும் 'இருப்போர்', 'நிற்போர்' என்று இடமிருந்து வலமாகப் பெயர்கள் அச்சிடப்படுகின்றன. வர இயலாது போனவரின் பெயரையும் விட்டுவிடுவதில்லை. கல்லூரி தன் மாணவர்க்குச் செய்யும் அச்சிறப்பை நம் குடும்பம் தன் சுற்றத்தார்க்குச் செய்தல் ஆகாதா?

மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவு 2023 இல் நினைவுகூரப்பட்டது. கூடையோடும் கவ்வாத்துக் கத்தியோடும் நிற்கும் பழைய முகங்கள் எங்கும் காட்டப்படுகின்றன. அவர்கள் யார் என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை. அடுத்த நூறாண்டிலும் அக்குறை நீடியாதிருப்பது நம் கையிலுள்ளது. பழைய மாணவர்களே, உங்கள் இல்லத்து மணவிழா அழைப்பிதழை அச்சிடக் கொடுக்கும் நாளிலேயே, மண்டபத்தில் ஒரு மூலையையும் உறவினர்க்கென ஒதுக்கி வையுங்கள். இன்று பயிலும் மாணவர்களே, அம்மூலையின் பொறுப்பை நீங்கள் ஏற்றுக் கொள்ளுங்கள். சிரித்தவர் யார், அவர் எந்தத் தோட்டம், மணமக்களுக்கு என்ன முறை என்பவற்றைக் கேட்டு, அழகிய தமிழிற் பிழையின்றி எழுதி வையுங்கள். தமிழ் கற்பிக்கும் எமக்கு அதனினும் உவகை தரும் கட்டுரைப் பயிற்சி வேறில்லை.