இரண்டு குழிகள்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்று பேசுவோர்க்கு இப்போதெல்லாம் பேசுபொருள் ஒன்றே: "நம் மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள்." 2011-ஆம் ஆண்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி இலவசமாக வரத் தொடங்கியதிலிருந்து வேலைக்கு ஆள் கிடைப்பதில்லையாம். இதைச் சொல்பவர் யார்? உடல் இளைக்கவென்று மூன்றாண்டுகளுக்கு முன் வாங்கிய ஓடாத மிதிவண்டியில் இன்றும் துணி உலர்த்துகிறவர்.

அவர் சொல்லுக்குத் தலையசைத்த அடியேனின் கதையையும் கேளுங்கள். ஒவ்வொரு தவக்காலத்திலும் விவிலியம் முழுவதையும் படித்து முடிப்பதாக உறுதி பூணுகிறேன். தொடக்கநூலைக் கடந்து, செங்கடலையும் கடந்து, லேவியர் நூலின் பலிச் சட்டங்களில் சிக்கி நின்றுவிடுகிறேன். இஸ்ரயேலர் நாற்பது ஆண்டுகளில் பாலைநிலத்தைக் கடந்தனர் என்கிறார்கள். என் விவிலியத்தில் அவர்கள் இன்னும் சீனாய் மலையடியிலேயே காத்திருக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு முற்பகல், படவேட்டுக்கு அருகிலுள்ள சந்தவாசலில், ஒரு பட்டு நெசவாளர் வீட்டில் அமர்ந்திருந்தேன். ஆரணிப் பட்டு என்று நாம் திருமணத்துக்கு எடுக்கும் சேலைகள் இத்தகைய வீடுகளில்தான் பிறக்கின்றன. தரையில் ஒரு குழி. அதற்குள் நெசவாளரின் கால்கள். கால்களின் கீழ் மிதிகள். கால் மிதிக்கப் பாவு பிரிகிறது. கை வீச நாடா ஓடுகிறது. ஓர் ஊடை இழை சேர்கிறது. ஒரு சேலைக்கு இப்படி எத்தனை ஆயிரம் முறை! நான் அறிவாளியைப் போல் வினவினேன்: "உங்களுக்குச் சோம்பல் வருவதுண்டா?"

அவர் தலை நிமிரவில்லை. "வரும் சார். வந்தா அன்னிக்குச் சேலை நின்ன எடத்துலயே நிக்கும். கூலியும் அங்கயே நிக்கும்."

என் சோம்பலுக்கு அப்படியோர் அளவுகோல் இல்லையே என்று வெட்கினேன். நான் படிக்காமல் விட்ட பக்கங்களுக்காக யாரும் என் சம்பளத்தைக் குறைத்ததில்லை.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் இன்னொரு குழி உண்டு. ஒரு தாலந்து பெற்றவன் அதை நிலத்தில் புதைத்தான். சிறு தொகை என்று எண்ணிவிடாதீர்கள். கூலியாள் ஒருவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்துப் பெறும் பணம் அது. கவனியுங்கள், அவன் படுத்துக் கிடக்கவில்லை. வியர்க்க வியர்க்கக் குழி தோண்டினான். தலைவர் கணக்குக் கேட்டபோது மூவரில் நீளமாகப் பேசியவனும் அவனே. வாணிகம் செய்தவர்கள் இரண்டு வரியில் முடித்தார்கள். செய்யாதவனிடம்தான் விளக்கம் மிகுந்திருந்தது. அவனைத்தான் ஆண்டவர் சோம்பேறி என்கிறார்.

ஆகவே சோம்பல் என்பது உழைப்பின்மை அன்று. செய்யவேண்டிய ஒன்றைத் தவிர்ப்பதற்காக நாம் செய்யும் கடும் உழைப்பு. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இதை நன்கறிந்திருந்தார். நண்பகல் நெருங்கும் நேரத்தில் ஒரு பேய் துறவியைத் தேடி வருமாம். பகல் ஐம்பது மணி நேரமாக நீளுமாம். துறவி வெளியே எட்டிப் பார்ப்பார்; உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு உண்டென்று கதிரவனை அளப்பார்; வேறோர் இடத்துக்குப் போனால் தேவையானவை இதைவிட எளிதாகக் கிடைக்கும் என்று எண்ணுவார். நம் வீட்டுக்கும் அந்தப் பேய் வருகிறது. செபமாலையை எடுத்ததும் அலமாரியைத் துடைக்கத் தோன்றுகிறதல்லவா? அதுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். எவாக்ரியுஸ் எச்சரித்தது துறவிகளை. வள்ளுவர் மடியின்மை என்னும் 61-ஆம் அதிகாரத்தை வைத்தது பொருட்பாலில். அதிலும் பரிமேலழகர் வகுப்பின்படி அரசியலில். அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது! தன் நேரத்துக்குத் தானே தலைவனாய் இருப்பவனுக்கே இந்நோய் எளிதில் வரும் என்பதை இருவரும் கண்டிருந்தார்கள். நாமோ அந்த அதிகாரத்தைக் கூலியாளின் முதுகில் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஏழைகள் தம்மை உயர்த்திக்கொள்ள முயல்வதில்லை என்பாரும் உளர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பகலெல்லாம் கல் உடைத்த பெண்கள் மாலையில் எழுத்துக் கற்றார்கள். ஊரார் நகைக்க நகைக்க, ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் பழகினார்கள். அவர்களுடைய மிதிவண்டிகள் ஓடின. அவற்றில் யாரும் துணி உலர்த்தவில்லை.

இலவச அரிசி வேண்டுமா வேண்டாவா என்பது தனி வழக்கு, வாதிடுவோர் வாதிடட்டும். ஆனால் அந்த வழக்கில் சாட்சி சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்பதே என் கேள்வி. நெசவாளர் கால் வைக்கும் குழியிலிருந்து சேலை எழுகிறது. நாம் தோண்டிய குழிகளிலோ பாடக் கற்காத குரலும், கேட்காத மன்னிப்பும், திறக்காத நூலும் கிடக்கின்றன. அடுத்த ஞாயிறு முற்றத்தில் யாரையேனும் சோம்பேறி என்று சொல்ல நா எழுமானால், தாம் ஒத்திவைத்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டு அதைச் சொல்லட்டும். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

என்னுடையதை முதலில் சொல்கிறேன்: லேவியர், 11-ஆம் அதிகாரம். நாளை தொடர்வேன் என்று எழுதத்தான் கை போனது. அடித்துவிட்டேன். இன்றிரவு.